மலை கிட்ட வந்துவிடக் கூடாது: நிலக்காட்சிப் படத்தில் ஆழம் காட்ட எந்த வழி?

மதுரைக்குப் பக்கத்தில் சோழவந்தானைத் தாண்டி வைகைப் பாசன வயல்களுக்குள் இறங்கி வடக்கே பார்த்தால், மார்கழி, தை மாதக் காலையில் ஓர் அருமையான காட்சி கிடைக்கும். காலடியில் கதிர் முற்றிய நெல், அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே சிறுமலை. பொங்கலுக்கு முந்தின வாரம் காலை ஏழு மணிக்கு வரப்பில் நின்று அதைப் போனில் எடுத்தேன். வெயில் வலது பக்கத்திலிருந்து சாய்வாக வந்துகொண்டிருந்தது. நெல்லின் நுனியில் பனித்துளி, தோப்புக்குள் புகை மாதிரி மூட்டம். கண்ணுக்கு மலை மைல் கணக்கில் தள்ளி நின்றது. திரையில் பார்த்தால் நெல்லும் தோப்பும் மலையும் ஒரே சுவரில் ஒட்டிய காலண்டர் போல இருந்தன.

போன் மேல் குற்றமில்லை. வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தை அடக்கித்தான் இன்றைய போன்கள் படத்தைத் தருகின்றன. எல்லா இடமும் தெளிவாகத் தெரியட்டும் என்பது அதன் கணக்கு. ஆனால் கிட்டத்தில் இருப்பது அழுத்தமாகவும் தூரத்தில் இருப்பது வெளிறியும் தெரிவதை வைத்துத்தான் நம் கண் தூரத்தை அளக்கிறது. இரண்டையும் சமமாக்கிவிட்டால் அளக்க ஒன்றுமில்லை.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, ஆழம் கொண்டுவர எல்லாரும் சொல்லும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து உச்சி வெயிலில் எடுத்த யானைமலைப் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றில் மூட்டம் நிறைய, மற்றதில் மூட்டமே இல்லை. எந்த வழி எங்கே உதவுகிறது, எங்கே கெடுக்கிறது என்பது இந்த இரண்டிலும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

டீஹேஸா, மூட்டத்தை விட்டுவைப்பதா?

மூட்டமான படம் என்றதும் கை முதலில் போவது மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடருக்குத்தான். 2015-இல் அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் வந்தது. அப்புறம் ஏறக்குறைய எல்லா எடிட்டிங் செயலியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் பலர் இதே வேலைக்கு, நுண்விவரத்தை அழுத்திக் காட்டும் ஸ்ட்ரக்சரையும் எச்டிஆர் ஸ்கேப்பையும் இழுப்பார்கள். நானும் +50 வரை இழுத்தேன். சிறுமலையின் மடிப்புகள், பாறை, மரக்கூட்டம் எல்லாம் வெளியே வந்தன. முதல் பார்வைக்கு அசத்தலாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே வயலுக்குப் போனபோது, அந்த வயல்காரரிடம் போனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மலை என்ன தம்பி இம்புட்டுக் கிட்டக்க வந்துருச்சு?"

"மூட்டத்தை எடுத்துட்டேண்ணே, அதான்."

"அந்த நேரத்துல மலை அப்பிடித் தெரியாதேப்பா."

அவர் சொன்னதுதான் இந்த அலசலுக்கே மையம். படத்தில் மலையின் அழுத்தம் தோப்பின் அழுத்தத்துக்குச் சமமாகிவிட்டது. தோப்பின் உச்சியிலேயே மலை உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. தெளிவு கூடியது, தூரம் போய்விட்டது.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஒற்றைப் படத்திலிருந்து மூட்டத்தை நீக்கும் ஒரு முறையை கைமிங் ஹி, ஜியன் சன், ஷியாவ்-ஓ டாங் மூவரும் 2009-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகத் தந்தார்கள். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டால், எந்தச் சின்னப் பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது அங்கே எங்காவது கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது அவர்கள் கண்டது. அந்தக் கறுப்பு எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு மூட்டம். மூட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம். அதாவது மூட்டத்தின் அளவை வைத்தே படத்துக்கு ஓர் ஆழ வரைபடம் போட்டுவிடலாம். அப்படியானால் டீஹேஸை முழுப் படத்துக்கும் இழுக்கிறவர், படத்தில் இருக்கும் ஆழ வரைபடத்தைத்தான் அழிக்கிறார்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூட்டத்துக்குள் இருக்கும் மலை மிகக் குறைந்த தொனிகளுக்குள் அடங்கியிருக்கும். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதில் ஒரு சின்னத் துண்டை இழுத்து விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், மலையில் மணல் தூவியது போல் நாய்ஸ் வரும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில் 12 பிட் என்றாலே 4096 படிகள், அதனால் அங்கே கொஞ்சம் தாங்கும்.

எதிர்வழி இது: டீஹேஸை முன்பக்க நெல்லுக்கு மட்டும் +10, +15 என்று கொடுத்துவிட்டு, மலைப் பகுதியில் அதே ஸ்லைடரை −5, −8 என்று பின்னுக்கு இழுப்பது. மூட்டம் ஒரு துளி கூடும். மலை தானாகவே பின்னால் நகரும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு டீஹேஸ் கண்ணைப் பறிக்கும். இதில் கண் நெல்லில் தொடங்கி மலை வரை நடந்து போகும். மூட்டப் படத்துக்கு என் ஓட்டு சந்தேகமில்லாமல் இரண்டாவதற்குத்தான். டீஹேஸைப் படம் முழுக்க இழுக்க ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் சம்மதிப்பேன்: கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, பஸ் ஜன்னலிலிருந்து எடுத்த படம். அங்கே படிந்திருப்பது அழுக்கு, தூரமில்லை.

ஓரக் கருமையா, கீழிருந்து வரும் கருமையா?

விக்னெட் என்ற ஓரக் கருமை எல்லாருக்கும் தெரிந்த சுலப வழி. நான்கு மூலையும் இருண்டால் நடு வெளிச்சமாகி, கண் உள்ளே போகும். முகத்துக்கு நல்லது. நிலக்காட்சிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் மேல் மூலைகளில் இருப்பது வானம், படத்திலேயே மிகத் தூரமான பொருள். அதை இருட்டாக்கினால் அது முன்னால் வந்து, ஏதோ துவாரம் வழியாக எட்டிப் பார்ப்பது போல் ஆகிறது.

அதற்குப் பதில், ஓர் ஓரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கரைந்து போகும் லீனியர் கிரேடியன்ட்டைப் படத்தின் அடியிலிருந்து மேல் நோக்கி இழுத்து, எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) குறைத்தால் போதும். ஒரே இழுப்பு. அடியில் நெல் அடர்ந்த பச்சையாக, மேலே போகப் போக வெளுக்கும். கண்மாய்க் கரையில் நின்று பனைமரங்களுக்கு ஊடாகப் பார்க்கும்போது இயற்கையாகவே இப்படித்தான் தெரிகிறது: நிழலில் நாம், வெளிச்சத்தில் தூரம். ஸ்னாப்சீடில் செய்கிறவர்கள் படம் முழுவதையும் கொஞ்சம் இருட்டாக்கிவிட்டு, செய்த திருத்தங்களைக் காட்டும் வியூ எடிட்ஸ் உள்ளே போய் அந்தத் திருத்தத்தை அடிப்பகுதியில் மட்டும் விரலால் தடவிக்கொள்ளலாம். பெரிய பிரஷ், மூன்று தடவல்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் ஒரு மரமோ கோயில் தூணோ செங்குத்தாக மேலே போனால், கிரேடியன்ட் அதன் அடியை இருட்டாக்கி உச்சியை விட்டுவிடும். ஒரே மரம் இரண்டு நேரத்தில் நிற்பது போல் ஆகும். அங்கே பிரஷ்தான் கதி.

யானைமலையில் தோற்றவையும் ஜெயித்ததும்

இப்போது இரண்டாவது படம். யானைமலை ஒரே கல். உச்சி வெயிலில் அதன் மேல் நிழலே விழாது. மூட்டம் இல்லாததால் மேலே சொன்ன டீஹேஸ் வித்தை எதுவும் எடுபடவில்லை. மைனஸ் கொடுத்தால் படம் சோகை பிடித்தது, பிளஸ் கொடுத்தால் கல் கரி ஆனது. கிரேடியன்ட் முன்னால் இருந்த வயலை மட்டும் மாற்றியது. மலை அட்டையில் வெட்டி நிறுத்தியது போலவே நின்றது.

இங்கேதான் டாட்ஜ், பர்ன். பிலிம் காலத்து வார்த்தைகள் இவை. எங்கள் தாய்மாமா ஸ்டுடியோ வைத்திருந்தார். சின்ன வயதில் அவருடைய டார்க் ரூமில் சிவப்பு விளக்கடியில் நின்று பார்த்திருக்கிறேன். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் வெளிச்சம் காகிதத்தில் விழும்போது, கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையை நடுவில் நீட்டி ஆட்டிக்கொண்டே இருப்பார். நிழல் விழுந்த இடத்துக்கு வெளிச்சம் குறையும், அச்சில் அந்த இடம் வெளுக்கும். அது டாட்ஜ். இருட்ட வேண்டிய இடத்துக்கு இரண்டு கையையும் குவித்து, நடுவில் ஓட்டை விட்டு, அதன் வழியாகக் கூடுதல் வெளிச்சம் விடுவார். அது பர்ன். "கையை ஆட்டாம வச்சா கோடு விழுந்துரும்டா மருமகனே" என்பார். இன்றைக்கும் பிரஷ் ஓரத்தை மென்மையாக வைக்கச் சொல்வது அதே காரணத்துக்குத்தான். அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு எழும் படத்தை, அதே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் அச்சிட்டபோது வானத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பு வரை கொண்டுபோனார். எடுப்பது பாதி, அச்சில் கை வைப்பது பாதி என்று இருந்த காலம்.

யானைமலையில் செய்தது இவ்வளவுதான். மழைநீர் வழிந்து கறுத்த கோடுகள் கல்லில் மேலிருந்து கீழாக இருக்கின்றன. அவற்றையும், தலைப்பகுதியும் உடலும் சேரும் பள்ளத்தையும் −5 அளவில் இருட்டாக்கினேன். யானைத் தலையின் புடைப்பிலும் முதுகின் மேல் விளிம்பிலும் +5. ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் தடவவில்லை. பத்து நிமிடத்தில் கல் உருண்டு திரண்டது. தலை முன்னால் வந்தது, முதுகு பின்னால் போனது.

சோழவந்தான் படத்திலும் இதைச் செய்து பார்த்தேன். தென்னை மட்டைகளில் வெயில் பட்ட பக்கத்தை மட்டும் தூக்கினேன். தோப்புக்குள் நுழைய இடம் கிடைத்தது போல் இருந்தது. நேரம் அதிகம் பிடிக்கும், கை பழக வேண்டும். ஆனாலும் ஒரே ஒரு வழியைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், நான் இதைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். மூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைகொடுப்பது இது ஒன்றுதான்.

நிறம்

கிட்டத்தைச் சூடாக்கு, தூரத்தைக் குளிர்ச்சியாக்கு என்பது பழைய ஓவியர் வழி. தூரம் போகப் போகப் பொருள்கள் நீலமாகும் என்று லியோனார்டோ டா வின்சியே எழுதி வைத்திருக்கிறார். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால், நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றே நீலமாகத் தெரிகிறது. மழை ஓய்ந்த மறுநாள் நாகமலையைப் பார்த்தால் இது புரியும்.

ஆனால் மார்கழி, தை மூட்டம் வேறு சங்கதி. அது நீர்த்துளி. காற்று மூலக்கூறை விட மிகப் பெரிதாக இருப்பதால் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிக்கும், அதனால் வெள்ளையாக இருக்கும். அந்த மலைக்கு நீலம் பூசினால் பொய் உடனே தெரிந்துவிடும். இன்னும் ஒரு படி மேலே: சூரியன் எழும் திசையைப் பார்த்து எடுத்த படத்தில் தூரம்தான் பொன் நிறம், நம் காலடி நிழல் நீலம். விதி அப்படியே தலைகீழ். செயலியில் ஆயத்தமாகக் கிடைக்கும் டீல் (நீலப்பச்சை), ஆரஞ்சு பில்டர்களை எல்லாப் படத்துக்கும் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். என் படத்தில் நெல்லுக்கு வெப்பத்தை ஒரு +5 கூட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். மலையைத் தொடவில்லை.

கூர்மையும் மங்கலும்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ட்ரக்சரையும், அதே மாதிரி விவரத்தை அழுத்தும் கிளாரிட்டியையும் முன்பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் உதவும், மலைக்குக் கொடுத்தால் டீஹேஸ் செய்த அதே தப்பு. பின்னணியை மங்கலாக்கும் லென்ஸ் பிளர் நிலக்காட்சிக்கு வேண்டாம். மைல் கணக்கில் தள்ளி இருக்கும் மலை பூவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் போல மங்கினால், ஊரே பொம்மை ஊர் மாதிரி சிறுத்துவிடுகிறது. தென்னை மட்டை ஓரங்களில் செயலி தடுமாறி விடும் திட்டுகள் அதைவிட மோசம்.

கடைசியில் சோழவந்தான் படத்தில் நின்றவை: அடியிலிருந்து அரை ஸ்டாப் கிரேடியன்ட், நெல்லுக்குக் கொஞ்சம் டீஹேஸ், மலைக்கு −6, தென்னை மட்டைகளில் டாட்ஜ், நெல்லில் ஒரு துளி வெப்பம். அதை 12-க்கு 18 அங்குல அளவில் அச்சுப் போட்டு வயல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பிரதியை அச்சுக்கடையில் அவர்களாகவே பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள், மூட்டம் வெந்து போயிருந்தது. கலர் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி இன்னொரு முறை போட வேண்டி வந்தது.

அவர் படத்தைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் கிட்டே வந்து, தோப்பின் நடுவில் விரலை வைத்தார்.

"இந்தா, இந்த ரெண்டாவது தென்னைக்கு அங்கிட்டுதான் தம்பி நம்ம கிணறு. அதுக்கும் அங்கிட்டு வாய்க்கா. வாய்க்காலத் தாண்டிப் போனா ரோடு. மலை அங்க கெடக்கு."