ரெம்பிராண்ட்டின் 'நூறு கில்டர்' அச்சு: ரைக்ஸ்மியூசியத்தின் இலவசப் படச் சேவை எப்படி?

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய அச்சோவியங்களை (செப்புத் தகட்டில் கோடு கீறி, மை பூசித் தாளில் எடுத்த படங்களை) நுண்கோடு தெரியும் அளவு பெரிய கோப்புகளாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1648 வாக்கில் முடித்த 'நூறு கில்டர்' (கில்டர் பழைய டச்சு நாணயம்) அச்சைப் படிக்க இதைவிட வசதியான வழி வீட்டிலிருப்பவருக்கு இல்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே பெரிதாக்கிப் பார்த்தால் படம் கைநழுவிவிடும்.

பைபிளில் மத்தேயு நற்செய்தி 19ஆம் அதிகாரத்தின் பல நிகழ்வுகள் இதில் ஒரே காட்சியாக நிற்கின்றன. அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு, முழுப்படத்தையும் திரையில் வைத்து ஒளியை மட்டும் கவனியுங்கள். இடப்பக்கம் விவாதத்தில் மூழ்கிய பரிசேயர்கள் என்ற யூதச் சமயக் குழுவினர். நல்ல வெளிச்சத்தில் இருந்தும் வெறும் கோட்டுருவங்கள். வலப்பக்கம் கரிய இருட்டு. நோயாளிகள் அதிலிருந்துதான் இயேசுவை நோக்கி வருகிறார்கள், ஒருவர் தள்ளுவண்டியில்.

இனிப் பெரிதாக்கலாம். முகங்களுக்கு முன் கைகளைப் பாருங்கள். குழந்தையோடு வரும் தாயைச் சீடர் பேதுருவின் கை தடுக்கிறது, இயேசுவின் கை அழைக்கிறது. சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொன்ன பணக்கார வாலிபன் முகத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். சொத்தை விட மனமில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. வலக்கோடி வாயிலில் நிற்கும் ஒட்டகத்தைத் தவறவிட்டால் அவன் துயரம் பாதிதான் புரியும்: பணக்காரன் கடவுளின் அரசில் நுழைவதைவிட ஊசியின் காதில் ஒட்டகம் நுழைவது எளிது என்ற பேச்சு அவனை வைத்தே எழுந்தது. எல்லாவற்றிலும் அருமையான இடம், மண்டியிட்டுக் கும்பிடும் பெண்ணின் கைநிழல் இயேசுவின் அங்கியில் விழுவது. அவள் இன்னும் அவரைத் தொடவில்லை. அவள் வேண்டுதல் தொட்டுவிட்டது. கைபேசித் திரையில் இது தப்பிவிடும், கணினியில் பாருங்கள்.

குறைகள் உண்டு. தளம் தமிழில் இல்லை. செப்புத் தகட்டை நேரடியாகக் கீறும் டிரைபாயிண்ட் ஊசி அதில் கிளப்பும் பிசிறு மையைப் பிடித்துத் தரும் வெல்வெட் கருமையைத் திரை முழுதாகக் காட்டாது.

அச்செடுத்துப் பார்க்க ஏ3 தாள் போதும். படத்தின் அளவு சுமார் 28 × 39 செ.மீ.; 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறக்குறைய 3,300 × 4,600 பிக்சல் வேண்டும். கோப்பில் தாளின் ஓரமும் சேர்ந்திருந்தால், தகட்டின் விளிம்பிலிருந்து விளிம்புவரை 39 செ.மீ. வருமாறு வையுங்கள். 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள், இல்லையெனில் அளவு மாறும். பளபளப்புத் தாள் வேண்டாம், நிழல்மீது விளக்கொளி மின்னும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பழைய தாளின் இளஞ்சூடான நிறம் போய்விடும்.

வேறு தளங்களில் எடுக்கும்போது எந்தப் பிரதி என்று பாருங்கள். வில்லியம் பெய்லி என்ற அச்சோவியர் 1775இல் ரெம்பிராண்ட்டின் தேய்ந்த தகட்டை மறுபடி செதுக்கி அச்சிட்டார். பின்னர் அதை நான்கு துண்டாகவும் வெட்டினார். அவர் அச்சிட்ட பிரதிகளை வைத்து ரெம்பிராண்ட்டின் ஒளியைப் படிக்க வேண்டாம்.