வயலினுக்கு நடுவே வியாழன்: 'சன் ரிங்ஸ்' கேட்ட அனுபவம்

அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி எழுதி, க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு வாசித்த 'சன் ரிங்ஸ்' என்ற இசைப்படைப்பு மேடையேறியது 2002இல். ஒலிப்பதிவு 2019இல்தான் நான்சச் நிறுவனத்தில் வந்தது. நான் இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டேன்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. கூடவே, வாயேஜர் போன்ற விண்கலங்கள் பதிவுசெய்த பிளாஸ்மா (மின்னூட்டம் கொண்ட துகள்களாலான வாயு) அலைகளைக் காதுக்கு எட்டும்படி மாற்றிய ஒலிகள். ஐயோவா பல்கலைக்கழக விஞ்ஞானி டான் கர்னெட் பல்லாண்டுகள் சேகரித்தவை. சில இடங்களில் அவை அசல் தவளைக் கத்தல். மழை ராத்திரியில் வயல் ஓரம் நிற்பதுபோல் இருந்தது. ரைலி, இந்துஸ்தானி பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் பாட்டு கற்றவர். அதனால்தானோ என்னவோ, நீண்டு நிற்கும் சுருதிகளில் தம்புரா வாசனை.

முதல் முறை போன் ஸ்பீக்கரில் போட்டேன், வெறும் இரைச்சல். ஹெட்போன் கட்டாயம்.

குறை என்றால், மேடையில் வில்லி வில்லியம்ஸ் அமைத்த காட்சிகள் ஒலித்தட்டில் கிடையாது. பாதிச் சாப்பாடுதான். பாடகர் குழு நுழையும் பகுதிகளும் எனக்குக் கொஞ்சம் இழுவை. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.