பொது மாடித் தோட்டத்துக்குத் தோட்டக்கலைத் துறை கிட்: தாராளமாக வாங்கலாம்

எங்கள் வேளச்சேரி அடுக்ககத்து மொட்டைமாடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் போடலாம் என்று முடிவானதும், தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்ட கிட்டைத்தான் வாங்கினோம். 900 ரூபாய் கிட்டை 2021 கடைசியில் 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அப்புறம் மானியம் பாதி விலையாகக் குறைந்தது, எங்களுக்கு 450. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டுதான் என்றிருந்ததால் மூன்று வீட்டார் தனித்தனியாக விண்ணப்பித்தோம்.

ஒரு கிட்டில் ஆறு பைகள், தலா இரண்டு கிலோவில் தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் ஆறு, ஆறு வகை விதைகள், வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு. கூடவே அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், நோய் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி தலா 200 கிராம். பையும் விதையும் எந்த நர்சரியிலும் கிடைக்கும். என்னைக் கேட்டால் கிட்டின் உயிரே அந்த மூன்று பாக்கெட்டுகள்தான். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் இதையெல்லாம் கடையில் கேட்டு வாங்குவதில்லை. டிரைக்கோடெர்மாவை ஈரமான தொழுவுரத்தில் கலந்து, சாக்கு போட்டு மூடி நிழலில் ஒரு வாரம் வைத்தோம். திறந்தால் உரத்தின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். எதிர் வீட்டு மாமி, "ஐயோ, கெட்டுப்போச்சே!" என்று பதறினார். வேரழுகலைத் தடுக்கப்போகிற பூஞ்சையே அதுதான் என்று சொன்னதும் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்தால்தான் உப்பும் கறையும் போகும். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், சத்து தராது. சரிபாதியாவது தொழுவுரமோ மண்புழு உரமோ சேர்க்க வேண்டும். இந்த உரம் கிட்டில் வராது, அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். மண்ணே போடாததால் பை லேசு. மாடி தாங்குமா என்று கேட்ட வீட்டு உரிமையாளர்களும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

விதையில் குறை சொல்ல எதுவுமில்லை. வெண்டையை நேராக ஊன்றினோம். தக்காளி, கத்தரிக்கு முதலில் நாற்றுவிட்டு, பிறகு பைக்கு மாற்றினோம். இலைக்கு அடியில் மாவுப்பூச்சி தெரிந்ததும் வேப்பெண்ணெய் தெளித்துவிட வேண்டும், பரவிவிட்டால் கஷ்டம்.

தனி வீட்டுக்கு ஒரு கிட் நல்ல தொடக்கம். பொதுத் தோட்டம் என்றால் நாலைந்தாவது சேர்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பங்கு பிரிக்கும்போது ஆளுக்கு இரண்டு வெண்டைக்காய்கூடத் தேறாது. சித்திரை வெயிலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் முறை, அன்றைக்குப் பறிக்கிற காயும் அந்த வீட்டுக்கே என்று விதை போடும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம்.