1,736 கிலோமீட்டர் நடந்தாச்சு, அந்த மலையை மட்டும் காணோம்

நடை ஆப்பில் 'ஸ்டில்வெல் சாலை' குழு நடை, அதாவது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் போட்ட சாலையை வரைபடத்தில் நடந்து முடிக்கும் சவால், இப்போது 799 ரூபாய்க்கு வந்துவிட்டதாம். வாங்கலாமா என்று பாண்டியில் இருக்கும் நண்பர் கேட்டார். போன வருடம் நாங்கள் ஆளுக்கு 1,499 கொடுத்துச் சேர்ந்தோம். அந்த வயிற்றெரிச்சலையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஆப் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே நாம் நடந்தால் அங்கே வரைபடத்தில் பொட்டு நகரும். அசாமில் லெடோவில் தொடங்கி, பாங்சாவ் கணவாய் ஏறி, பர்மாவைக் கடந்து சீனாவில் குன்மிங் வரைக்கும் 1,736 கிலோமீட்டர். நாங்கள் ஏழு பேர். ஏழு பேர் நடந்ததையும் அப்படியே கூட்டும் கூட்டுத்தொகை முறையில் போனால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், அதில் என்ன சுவாரசியம் என்று சராசரி முறையைத் தேர்ந்தெடுத்தோம். ஏழு பேரும் நடந்ததை ஏழால் வகுத்து அந்த அளவுக்குத்தான் பொட்டு நகரும். ஒருநாள் ஒருவர் தூங்கினால் மொத்தக் குழுவும் சேற்றில் நிற்கும். 13 மாதம் ஆனது.

நடந்ததெல்லாம் இங்கே கடலூரில், தேவனாம்பட்டினம் கடற்கரையில். நவம்பர் மழையில் அவரவர் மொட்டை மாடியில். அப்போது பொட்டு பர்மாவில் பாமோ ஊர்ப் பக்கம் இருந்தது. துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து பர்மாக் காட்டைக் கடந்த கதை தனி. ஸ்கூட்டியில் போனால் ரோட்டுப் பள்ளத்தையும் காலடியாக எண்ணிக்கொள்ளும் கோளாறு இந்த ஆப்பிலும் உண்டு. மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் போய் வந்தால் முந்நூறு, நானூறு அடி இலவசம். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பொதுவாகத்தானே கிடைக்கிறது.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுப் பெரியம்மா எங்கள் குழுவில் சேர்ந்ததே இந்தச் சாலைக்காகத்தான். 74 வயது, முழங்கால் வலி, ஒருநாளைக்கு மூவாயிரம் அடி தாண்ட மாட்டார். சராசரியை இழுக்கிறார் என்று வங்கித் தம்பி ஒருதரம் முணுமுணுத்தான். அடுத்த நாள் காலை சுக்கு காபி குடிக்கும்போது பெரியம்மாவே சொன்னார்: "எங்கப்பா இந்த வழியாத்தான் வந்தாரு தம்பி. நாம எதிர்ப்பக்கமா போறோம்."

அவர் அப்பா வட பர்மாவில் மிட்சினாவில் ரயில்வேயில் இருந்தவர். 1942 மே மாதம் ஜப்பான்காரன் அங்கே விமானத்தளத்தில் குண்டு போட்டதும், விமானத்துக்காகக் காத்துக்கிடந்த சனமெல்லாம் ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக லெடோவை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அப்போது அங்கே சாலையே கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். மழைக்காலம் வேறு. பசியிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்க ராணுவம் லெடோவிலிருந்து சாலை போட ஆரம்பித்தது அந்த டிசம்பரில்தான். "மழை, சேறு, அட்டை. இந்த மூணுதான் அவர் வாயில வரும். மேல கேட்டா எழுந்து போயிடுவாரு" என்றார் பெரியம்மா. கடைசிக் காலம் வரைக்கும், மழை பிடித்தால் திண்ணையில் உட்கார்ந்து கால்விரல் இடுக்குகளைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பாராம். அதற்கப்புறம் தம்பி சராசரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. தானாகவே சாயங்காலமும் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

பொட்டு ஷிங்ப்வியாங் என்ற ஊரைத் தாண்டி ஹூகாங்கில் நகர்ந்த நாட்களில் பெரியம்மா தினமும் என் போனை வாங்கிப் பார்ப்பார். ஆப் அங்கே நிறைய எழுதியிருக்கிறது. 15,000 அமெரிக்க வீரர்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், 35,000 உள்ளூர்த் தொழிலாளர்கள், 1,100க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சாவு என்று எல்லாம் சரியாகவே இருக்கிறது. முன்பே அந்தப் பாதையில் நடந்து வந்த நம் ஆட்களுக்கு ஒரே ஒரு வரி. அதையும்கூட நான் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது அந்தப் படம். ஆப்பைத் திறந்தால் முதலில் வருவது மலை முழுக்கப் பாம்பாக நெளியும் 24 வளைவுச் சாலை, அதில் லாரிகள் வரிசையாக. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பணமே கட்டினோம். அந்த வளைவு எப்போது வரும், எப்போது வரும் என்று 13 மாதம் காத்திருந்தோம். பர்மா முடிந்தது, வாண்டிங்கில் சீனா வந்தது, சால்வீன் நதி போனது, மீகாங் போனது. குன்மிங்கில் பட்டாசு வெடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டது ஆப். "எங்கேப்பா அந்தக் கொண்டை ஊசி?" என்றார் எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்ததும் அவரேதான். அந்த 24 வளைவு இந்தச் சாலையிலேயே இல்லை! குன்மிங்கையும் தாண்டிக் கிழக்கே, சீனாவின் குய்சோ மாகாணத்தில் சிங்லோங் பக்கம் இருக்கிறது. பல வருடங்களாக எல்லோரும், ஸ்டில்வெல் சாலை போய்ச் சேரும் பழைய பர்மா சாலையின் படம் என்று போட்டுப் போட்டு அப்படியே நிலைத்துவிட்டதாம்.

நியாயமாகச் சொன்னால், குன்மிங்கில் இறங்கிய சரக்கு அந்த வளைவுகளில் ஏறித்தான் சீனாவின் போர்க்காலத் தலைநகரான சுங்கிங் பக்கம் போனது. யுத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ஏற்காடு டூர் என்று காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியைக் காட்டினால் சும்மா விடுவோமா?

மூன்று முறை எழுதிப்போட்டேன். முதல் இரண்டுக்கும் 'உங்கள் கருத்துக்கு நன்றி.' மூன்றாவதற்கு, அந்தப் படம் சாலையின் உணர்வைக் காட்டுகிறதாம். உணர்வை!

இதோடு விட்டிருப்பேன். நடையை முடித்ததற்கான பதக்கம் வந்தது. கனமான வெண்கல நிறம், நல்ல வேலைப்பாடு, நீல நாடா, உறையைப் பிரித்ததும் எண்ணெய் வாசம்கூட வந்தது. நடுவில் அதே 24 வளைவு, ஒரு குட்டி லாரியோடு. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வளைவின் மேல் நகத்தை வைத்தார். "இதுல லெடோ எந்தப் பக்கம் தம்பி? அப்பா மேலேர்ந்து இறங்கினாரா, கீழேர்ந்து ஏறினாரா?"

எனக்குப் பதில் வரவில்லை. வாத்தியார் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேலேர்ந்து" என்றான் தம்பி. பொய்தான். பெரியம்மா நகத்தால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒவ்வொரு வளைவாக இழுத்துக்கொண்டு வந்தார்.

நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். 799 அல்ல, 99க்குக் கொடுத்தாலும் வேண்டாம். தொப்பை குறைந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது, தெருவில் ஏழு வீடு ஒன்றானது, எல்லாம் நிஜம்தான். இருந்தாலும் வாங்காதீர்கள்.

எங்களுக்கு அடுத்து அலாஸ்கா நெடுஞ்சாலை. 1942இல் அதே அமெரிக்க ராணுவம் எட்டே மாதத்தில் போட்டது. ஏழு பேருக்கும் சேர்த்து நேற்று ராத்திரி நான்தான் பணம் கட்டினேன். கட்டுவதற்கு முன்னால் முகப்புப் படத்தை வாத்தியாருக்கு அனுப்பி, எந்த இடம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.