மிட்ஜெட்டின் காபரேற்றருக்குச் சுன்னாகத்தில் வைத்தியம்

இந்த முறை ஊருக்குப் போகும்போது என் பெட்டிக்குள், ஆச்சிக்கு வாங்கிய சால்வைக்கு நடுவில், இரண்டு காபரேற்றர்கள் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கருவி) இருந்தன. 1965ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான்கு வருடமாக இங்கிலாந்தில், லெஸ்டரில் வைத்திருக்கிறேன், ஓடுவதைவிடக் கராச்சுக்குள் நிற்பதுதான் அதிகம். போன வருடம் முழுக்க அதற்கு ஒரே வருத்தம்: சும்மா நிற்கும்போது இஞ்சின் வேகம் தானாக ஏறும், இறங்கும், சிக்னலில் நின்றால் அணைந்தே போகும்.

காரணம் தெரிந்ததுதான். இதில் இருக்கும் எஸ்யூ வகைக் காபரேற்றரில், காற்று வழியைத் திறந்து மூடும் திரொட்டில் தட்டைத் தாங்கும் அச்சு, அலுமினிய உடம்பில் துளைத்த ஓட்டைக்குள் நேரடியாகவே சுற்றுகிறது. அறுபது வருடம் சுற்றினால் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும், அந்த இடுக்கால் காற்று உள்ளே போகும், பெட்ரோல் பங்கு குறைந்து கலவை மெலிந்துவிடும். அச்சின் நுனியில் கிளீனர் ஸ்பிரே ஒரு பீச்சு அடித்ததும் இஞ்சின் சத்தம் மாறியது, அதோடு சந்தேகம் தீர்ந்தது. இரண்டையும் தபாலில் அனுப்பிப் புஷ் (ஓட்டைக்குள் இறுக்கும் உலோக வளையம்) போட்டு எடுக்க இங்கே 200 பவுண்டுக்கு மேல் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் வந்தது மாமாவின் மொரிஸ் மைனரால். மிட்ஜெட் என்றால் ஏதோ பந்தயக் கார் என்று ஊரில் நினைக்கிறார்கள், ஆனால் பொனற்றைத் திறந்தால் அது மைனரின் ஒன்றுவிட்ட தம்பி. அதே ஏ-சீரிஸ் இஞ்சின், அதே 1098 சிசி, அதே எச்எஸ்2 காபரேற்றர். மைனருக்கு ஒன்று, எனக்கு இரண்டு, அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். மைனர் தயாரிப்பு 1971இல் நின்றுவிட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் அது கலியாண வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

பெட்டியில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒன்று: பெட்ரோல் வாசம் துளியும் இருக்கக்கூடாது, விமானத்தில் ஏற்றமாட்டார்கள். நான் சவர்க்காரத் தண்ணீரில் மூன்று தரம் கழுவி, ஒரு கிழமை வெயிலில் (லெஸ்டர் வெயில்தான்) வைத்தேன். கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறந்த அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

முதலில் யாழ் நகரத்துக்குள் பெரிய கராச் ஒன்றில் கொடுத்தேன். குளிர்பானமெல்லாம் தந்து உட்கார வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் பொதி பிரிக்காமலே கிடந்தது. "அண்ணை, இதுக்குச் சாமான் வராது, ஜப்பான் காபரேற்றர் ஒண்டு போடுங்கோ" என்றான் பொடியன். அது லண்டன் கார் என்று சொல்லவும் மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் மாமாதான் சுன்னாகத்தில் ஒரு ஐயாவிடம் கூட்டிப்போனார். எழுபது தாண்டியவர், கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஒரு பூவரச மரம்தான் அடையாளம். காபரேற்றரை வாங்கியதும் கண்ணாடியைக்கூடப் போடவில்லை, அச்சைப் பெருவிரலால் மேலும் கீழும் அசைத்தார், "ம்ம், காத்துக் குடிக்குது" என்றார். பிறகுதான் கேட்டார், "தம்பி, உம்மட காருக்கு ஏன் ரெண்டு?"

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, பெட்ரோல் தட்டுப்பாட்டில், யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெட்ரோலைக் காபரேற்றருக்குள் பீச்சுவார்கள், சூடு ஏறியதும் மண்ணெண்ணெய். அந்தக் காலத்தில் எரிபொருள் வரும் சின்னக் குழாயான ஜெட்டைக் கீழே இறக்கிக் கலவையில் எண்ணெயைக் கூட்டியே எத்தனை மைனரை ஓட வைத்தேன் என்று ஐயா சொல்லிக்கொண்டே போனார். பாதி கதைதான் எனக்குப் பிடிபட்டது, ஏனென்றால் என் கண் முழுக்க அவர் கையில்.

புஷ்ஷுக்கு அவர் எடுத்தது தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் பம்பிலிருந்து கழன்ற பழைய வெண்கலத் துண்டு. லேத்தில் பூட்டிக் கடைந்தபோது மஞ்சள் சுருள் சுருளாக விழுந்தது. முக்கியமான இடம் அடுத்தது: காபரேற்றர் உடம்பின் இரண்டு பக்க ஓட்டையையும் ஒரே நேர்கோட்டில் பெருப்பிக்க வேண்டும், கொஞ்சம் சரிந்தாலும் அச்சு இறுகிவிடும். புஷ்ஷுக்குள் சுற்றும் அச்சு ஐந்து பதினாறாம் (5/16) இஞ்சி, எட்டு மில்லிமீற்றர் துளைப்பான் கிட்டத்தட்டச் சரி போல இருக்கும், சரியில்லை, அந்த மயிரிழையால்தான் மறுபடி காற்று வரும். ஐயா ஒரு ஓர்லிக்ஸ் போத்தலைக் கவிழ்த்து, கிறீஸ் கடதாசியில் சுற்றிய பழைய இஞ்சி அளவு ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகப் பெருப்பிக்கும் கருவி) ஒன்றை எடுத்தார். அதை அவர் கையாலேயே திருகினார், கால் சுற்று, நிறுத்தம், ஊதல், மறுபடி கால் சுற்று. கரண்ட் மிசினை அதற்குத் தொடவே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. "நாளைக்கு வாரும்" என்றது நான்கு நாளானது. பில் கிடையாது. நான் கொண்டுபோன புது அச்சுகளில் ஒன்று நன்றாகச் சுழன்றது, மற்றது கொஞ்சம் இறுக்கம், சொன்னால் "ஓட ஓடச் சரிவரும்" என்றார். தட்டைப் பிடிக்கும் சின்னத் திருகாணிகளின் பிளந்த நுனியை விரித்துவிடாமலே தந்தார். அது கழன்றால் நேரே இஞ்சினுக்குள்தான் விழும், வந்து நானே விரித்தேன். கூலி இரண்டுக்கும் 9,000 ரூபாய், அதுவும் மாமா கூட நின்றதால் குறைத்ததாம்.

லெஸ்டரில் பூட்டி, இரண்டையும் காற்றுச் சத்தம் பார்த்துச் சமன் செய்ததும் இஞ்சின் நிமிடத்துக்கு 850 சுற்றில் அசையாமல் நிற்கிறது. இறுகிய அச்சு மூன்று கிழமையில் இளகிவிட்டது, ஐயா சொன்னபடிதான்.

ஐயாவிடமிருந்து கிளம்பும்போது தேய்ந்த பழைய அச்சுகளைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. "உமக்கு என்னத்துக்கு? மைனருக்கு உதவும்." பதிலுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதித் தந்தார்: ஜெட் 4, மிதவை ஊசி 6, ரீமர் ஒன்று, பழையது மழுங்கிப்போச்சு.

ரீமர் வாங்கிவிட்டேன். ஊசிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.