விஷ்ணுபூரா, கால்னாவா?

வங்காளத்தின் சுடுமண் கோயில்களைப் பார்க்கக் கிளம்புகிறவரிடம் எல்லோரும் சொல்லும் ஊர் விஷ்ணுபூர். பாங்குரா மாவட்டத்தில், மல்ல மன்னர்களின் பழைய தலைநகர். சிற்ப நுணுக்கம்தான் வேண்டுமென்றால் இதற்கு ஈடு கிடையாது. 1643இல் கட்டிய ஷியாம் ராய் கோயிலில் சுவர், தூண், வளைவு எங்கும் விரல் வைக்க இடமில்லாமல் சுடுமண் பலகைகள். இரண்டு குடிசைகளை ஒட்டி நிறுத்தியதுபோல் இருக்கும் ஜோர் பாங்லாவில் (1655) வேட்டையும் படகும் போருமாக ஒரு காலமே பதிந்திருக்கிறது. நிதானமாகப் பார்த்தால் அந்த ஒன்றுக்கே ஒரு காலைப்பொழுது போதாது.

குறை என்னவென்றால், இவ்விரண்டிலும் பூசை இல்லை. வேலி, புல்வெளி, டிக்கெட், வெறும் கருவறை. கோயில்கள் சிதறிக் கிடப்பதால் டோட்டோ என்கிற மின்ரிக்‌ஷாவில் ஏறி இறங்கியபடியே இருக்கவேண்டும். டிசம்பர் கடைசி வாரம் விஷ்ணுபூர் மேளா. அமைதி தேடுகிறவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். அந்த ஊரில் நெய்யும் பாலுச்சரிப் பட்டுச் சேலை வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் நான் தடை சொல்லமாட்டேன்.

அம்பிகா கால்னா வேறு மாதிரி. ஹௌராவிலிருந்து காட்வா லோக்கலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பாகீரதிக் கரை ஊர். பர்தமான் அரச குடும்பம் கட்டிய கோயில்கள் ஒரே வளாகத்தில் நெருங்கி நிற்கின்றன. லால்ஜி கோயிலுக்கு (1739) இருபத்தைந்து சிகரங்கள். பூசை இன்னும் நடக்கிறது. பிரதாபேஸ்வர் (1849) சிறியது, ஆனால் உடம்பெல்லாம் சிற்பம். ஷியாம் ராயைப் பார்த்த கண்ணுக்கு அதன் வேலைப்பாடு ஒரு மாற்றுக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

தெருவைக் கடந்தால் நவ கைலாசம். 1809இல் கட்டிய 108 சிவன் கோயில்கள், வட்டத்துக்குள் வட்டமாக: வெளியே 74, உள்ளே 34. வெளிவட்டத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி லிங்கங்கள். உள்வட்டத்தில் எல்லாமே வெள்ளை.

இரண்டு நாளும் தங்குமிடமும் உண்டென்றால் விஷ்ணுபூர். ஒரே நாள்தான், கூட்டமும் ஆகாது என்றால் யோசிக்காமல் கால்னா. மாலையில் படித்துறைக்குப் போய்ப் படகில் ஏறினால் அக்கரையில் சாந்திபூர்ப் பக்கம் இறங்கலாம். இறங்காமல் அதே படகில் திரும்பினாலும் நஷ்டமில்லை.