ஸ்டோர்ச் 1:72 கிட்: கண்ணாடிக்கு ஃபெயில், டெகாலுக்கு பாஸ்

ஸ்டோர்ச் என்ற பழைய விமானத்தை நிஜத்தில் 72-ல் ஒரு பங்காகச் சுருக்கி, நாமே துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாடல் கிட் இது. பாரிமுனைச் சந்தில் ஒரு பொம்மைக் கடையில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததால் ஐம்பது ரூபாய் குறைத்தார்கள், வாய்விட்டுக் கேட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

ஃபீஸலர் எஃப்.ஐ. 156, 1936-ல் முதலில் பறந்த ஜெர்மன் குட்டி விமானம். நீண்ட கால்கள் தொங்க இறங்குவதால் ஸ்டோர்ச், அதாவது நாரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கரணை சதுப்பில் நாரை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எதிர்க்காற்று இருந்தால் இருபது மீட்டரில் நின்றுவிடும். கிட்டின் இறக்கையை முனைக்கு முனை ஸ்கேல் வைத்து அளந்தேன், கிட்டத்தட்ட 19.8 செ.மீ. நிஜம் 14.25 மீட்டர், ஆக அளவு சரி.

குறை என்றால் விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டுதான். ஐந்து துண்டு, ஒன்றோடொன்று சேரவே மாட்டேன் என்கிறது. அவசரப்பட்டு சூப்பர் க்ளூ வைத்தேன், உள்ளே புகை படிந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. நீங்கள் ஃபெவிகால் வையுங்கள்.

ஆனால் டெகால் தாளை, அதாவது விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள் இருக்கும் தாளைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. வழக்கமான ஜெர்மன் சிலுவையோடு ஸ்வீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டிஷ்காரர்கள் கைப்பற்றி ஓட்டியது எல்லாம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் விமானம் என்று பார்க்காமல் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியே ஒன்றை வைத்திருந்தார் என்றால் எவ்வளவு வசதியான வண்டி என்று பாருங்கள். பின்லாந்து டெகாலில் நீல ஸ்வஸ்திகா. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு "பிளேனுக்கும் பூஜை போட்டாங்களாடா?" என்றாள். அது ஹிட்லருக்கு முன்பே, 1918-லிருந்து அவர்கள் விமானப்படைச் சின்னம், 1945-ல்தான் எடுத்தார்கள் என்று சொன்னேன், காதில் வாங்கவில்லை.

சுவிஸ் டெகால் கொடுத்தவர்கள் பனிச்சறுக்குக் கட்டையைக் கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். 1946 நவம்பரில் கவுலி பனியாற்றில் விழுந்த அமெரிக்க விமானத்திலிருந்து 12 பேரை சுவிஸ் விமானப்படை மீட்டது சறுக்குக்கட்டை பூட்டிய ஸ்டோர்ச்களில்தான். சக்கரத்தோடு வைத்தால் கதையே இல்லை. அப்புறம், பிரெஞ்சுக்காரர்கள் போருக்குப் பின்னும் இதையே எம்.எஸ். 500 என்று தயாரித்து இந்தோசீனாவரை கொண்டுபோனார்கள். அதற்கு டெகால் தனியாக வாங்கிக்கொண்டால் இந்தக் கிட்டே போதும், ஆனால் அதன் இன்னொரு வகையான எம்.எஸ். 502 செய்ய ஆசைப்படாதீர்கள், அதற்கு சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ரேடியல் எஞ்சின், மூக்கு முழுக்க மாற வேண்டும்.

நான் ஸ்வீடனைத் தேர்ந்தெடுத்தேன், மூன்று மஞ்சள் கிரீடம். மழை நாளில் ஒட்டினேன், மறுநாள் காலையிலும் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இப்போது ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது.